பதினொரு துறைகளும் யாருக்காகத் திறந்திருக்கின்றன?

கேட்கப்பட்டது இது. கல்லடியில் இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மாணவர் வரவு, புள்ளிகள், கட்டண விவரம் ஆகியவற்றை வைத்திருக்கும் பழைய டெபியன் (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) சேவையகம் ஒன்றைத் தம்பி ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். முன்பு அதைப் பராமரித்தவர் வெளிநாடு போய்விட்டார். குறிப்பு எதுவும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. சேவையகத்தில் இருந்தபடியே, திறந்திருக்கும் துறைகளை (சேவைகள் வலையமைப்பில் காத்திருக்கும் இலக்கமிட்ட வாசல்களை) தேடும் என்மேப் என்ற கருவி கொண்டு பார்த்தபோது 21, 22, 23, 25, 80, 111, 514, 631, 2049, 3306, 6379 என்று பதினொரு துறைகள் திறந்திருப்பதாகத் தெரிந்திருக்கிறது. எவற்றை மூடலாம், எவற்றை மூடினால் வேலை நின்றுவிடும், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவர் ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தத் தலையிடியே தேவையில்லையா என்பன அவருடைய மூன்று கேள்விகள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கான விடையைப் பொறுத்தே மற்ற இரண்டையும் கையாள வேண்டும். தீச்சுவர் வேண்டும், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இயங்காத சேவைக்குப் பூட்டும் தேவையில்லை, புதுப்பிப்பும் தேவையில்லை, அதில் நாளை கண்டுபிடிக்கப்படும் ஓட்டையைப் பற்றிய கவலையும் தேவையில்லை. தீச்சுவருக்குப் பின்னால் இயங்கிக்கொண்டே இருக்கும் சேவைக்கு இவை எல்லாமே தேவை. அதோடு, எங்களுடைய இடங்களில் தீச்சுவர்கள் எப்படிச் சாகின்றன என்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்: ஒரு நாள் ஏதோ ஒரு மென்பொருள் வேலை செய்யாது, அவசரத்தில் யாரோ ஒருவர் "அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம்" என்பார், மென்பொருள் வேலை செய்யத் தொடங்கிவிடும், நிறுத்திய தீச்சுவரை மறுபடி யாரும் நினைக்க மாட்டார்கள். அன்றைக்கு உள்ளே என்னென்ன சேவைகள் மிச்சம் இருக்கின்றனவோ அவை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஆகவே பட்டியலில் இருந்து தொடங்குங்கள். என்மேப் காட்டுவது துறையின் இலக்கத்தையும், அந்த இலக்கத்துக்கு வழக்கமாக உரிய பெயரையும் மட்டுமே. உண்மையில் எந்த நிரல் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த இயந்திரத்திடமே கேட்க வேண்டும். ரூட் உரிமையோடு, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு, எஸ்எஸ் என்னும் கட்டளையை டி, யூ, எல், பி, என் ஆகிய ஐந்து தெரிவுகளோடு இயக்குங்கள். டி என்பது டிசிபி, யூ என்பது யூடிபி (இவை தரவைக் கொண்டுசெல்லும் இரு முறைகள்), எல் என்பது செவிமடுத்துக் காத்திருப்பவை மட்டும், பி என்பது நிரலின் பெயர், என் என்பது பெயருக்குப் பதிலாக இலக்கம். யூ என்ற எழுத்தை விட்டுவிட வேண்டாம். என்மேப் வழக்கமான ஓட்டத்தில் டிசிபியை மட்டுமே பார்க்கும் என்பதால், உங்கள் பதினொன்றுக்கு வெளியே யூடிபியில் இன்னும் சில இருக்கக்கூடும்.

வெளிவரும் பட்டியலில் எல்லோருடைய கண்ணும் துறை இலக்கத்துக்குத்தான் போகும். நான் முதலில் பார்க்கச் சொல்வது அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முகவரியை. அது 127.0.0.1 என்றோ, ஐபி ஆறாம் பதிப்பில் இரண்டு முக்காற்புள்ளியும் ஒன்றும் என்றோ இருந்தால், அந்தச் சேவை அதே இயந்திரத்துக்குள் இருக்கும் நிரல்களோடு மட்டும் பேசுகிறது. வெளியாருக்கு அது இல்லை. 0.0.0.0 என்றோ, சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி என்றோ, வெறும் உடுக்குறி என்றோ இருந்தால் அந்த இயந்திரத்துக்கு எத்தனை வலையமைப்பு இணைப்புகள் உண்டோ அத்தனையிலும் அது காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சேவையகத்தில் இருந்தே என்மேப் ஓட்டியதால் இவ்விரண்டு வகையும் உங்கள் பட்டியலில் கலந்து கிடக்கின்றன. 25 பெரும்பாலும் முதல் வகை: டெபியனில் வரும் எக்சிம் அஞ்சல் நிரல், யாரும் மாற்றாதவரை, உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கும். முகவரி 127.0.0.1 என்று உறுதியானால் அதை விட்டுவிடலாம். இரவு நேரத் தானியங்கி வேலைகள் தமது பிழைச் செய்தியை அனுப்ப அது உதவும். 0.0.0.0 என்று இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஏன் என்று தேட வேண்டும்.

அடுத்தது, நிறுத்துவதற்கும் முடக்குவதற்கும் உள்ள வேறுபாடு. சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கு ஸ்டாப் என்று கொடுத்தால் சேவை அந்த நேரத்துக்கு நிற்கும். இயந்திரம் மறுபடி எழும்பும்போது அதுவும் எழும்பிவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பில் எத்தனை முறை மின்சாரம் போய் வருகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிறுத்தி மட்டும் வைத்த சேவை அடுத்த மின்தடையோடு திரும்பி வந்திருக்கும். டிசேபிள் என்பதோடு நௌ என்ற தெரிவையும் சேர்த்தால் இப்போதும் நிற்கும், இனி எழும்பவும் மாட்டாது. வேறொரு பொதி அதை இழுத்து எழுப்பும் சந்தேகம் இருந்தால் மாஸ்க் என்று கொடுங்கள். அதன் பிறகு யார் கேட்டாலும் தொடங்காது. தேவையே இல்லை என்று தெளிவானவற்றை பொதிகளை நிறுவி நீக்கும் ஏபிடி மூலம் பர்ஜ் செய்து முற்றாக அகற்றுவதே என் விருப்பம், ஏனெனில் வட்டில் இல்லாத நிரலை எவராலும் தவறுதலாக இயக்க முடியாது.

இதில் ஒரு பொறி உண்டு. உங்கள் 111 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆர்பிசிபைண்ட், என்எஃப்எஸ் போன்ற சேவைகள் எந்தத் துறையில் இருக்கின்றன என்று கேட்பவருக்குச் சொல்லும் நிரல். அதன் சேவையை நீங்கள் நிறுத்தியவுடன், "நிறுத்துகிறேன், ஆனால் ஆர்பிசிபைண்ட் சொக்கெட் இதை மறுபடி எழுப்ப முடியும்" என்ற பொருளில் ஒரு வரி திரையில் வரும். பலர் அதைப் படிக்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானே துறையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். யாராவது தட்டினால் சேவையை எழுப்பி ஒப்படைக்கும். எனவே சேவை, சொக்கெட் இரண்டையும் சேர்த்தே முடக்க வேண்டும். புதுமை போலத் தோன்றும் இந்த ஏற்பாடு உண்மையில் 1980களின் பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த ஐநெட்டி செய்த அதே வேலைதான். உங்கள் 23 ஆம் துறைக்கு எதிரே டெல்நெட் (தூரத்தில் இருந்து உள்நுழையும் பழைய சேவை) என்ற பெயர் இல்லாமல் ஐநெட்டி என்றோ சிஸ்டம்டி என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம்: வாசலில் நிற்பவர் அவர், உள்ளே இருப்பவர் டெல்நெட். ஐநெட்டி என்றால் இடிசி கோப்புறையில் உள்ள அதன் அமைப்புக் கோப்பில் உரிய வரியின் முன்னால் கட்டக்குறி இட்டு, ஐநெட்டியை மறுபடி அமைப்பைப் படிக்கச் செய்ய வேண்டும். அந்தக் கோப்பில் வேறு வரி எதுவும் உயிரோடு இல்லையென்றால் ஐநெட்டியையே அகற்றிவிடுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. 23 இல் உள்ள டெல்நெட்டுக்கு விவாதமே தேவையில்லை. மாணவர்களுக்கு இதை விளக்க நான் ஒரு முறை, வலையமைப்பில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் மூலம் ஒரு டெல்நெட் உள்நுழைவைப் பிடித்து, இரு பக்கத்துத் தரவையும் ஒரே ஓட்டமாகத் திரையில் காட்டினேன். பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை வந்திருந்தது, கடவுச்சொல்லின் எழுத்துகள் ஒரு முறை மட்டும் வந்திருந்தன. பெயரைத் தட்டும்போது சேவையகம் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் காட்டுவதற்காகத் திருப்பி அனுப்புகிறது. கடவுச்சொல்லைத் தட்டும்போது திருப்பி அனுப்புவதில்லை, அவ்வளவுதான். எங்கே இரட்டிப்பு நிற்கிறதோ அங்கேதான் கடவுச்சொல் தொடங்குகிறது என்று, ஒட்டுக் கேட்பவருக்கு அந்த நெறிமுறையே அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. 1995 இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்கள் ஒட்டுக் கேட்கப்பட்ட பிறகுதான் அங்கிருந்த தாத்து யலோனன், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் ஐ எழுதினார். அதற்கு, கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21 க்கும் டெல்நெட்டின் 23 க்கும் நடுவில் உள்ள 22 ஆம் இலக்கம் கிடைத்ததும் பொருத்தமே, ஏனென்றால் அந்த இரண்டின் இடத்தையும் அது பிடிக்க வேண்டியிருந்தது.

514 பற்றி எழுதும்போது நீங்கள் டிசிபியா யூடிபியா என்று குறிப்பிடவில்லை. அதில்தான் விடயம் இருக்கிறது. யூடிபி 514 என்றால் அது சிஸ்லொக், அதாவது வேறு கருவிகளின் பதிவுச் செய்திகளை வாங்கி வைக்கும் சேவை. ரவுட்டரோ வேறு கருவியோ இங்கே பதிவுகளை அனுப்பவில்லை என்றால் அதன் அமைப்புக் கோப்பில் வலையமைப்பு வழியாக வாங்கும் பகுதியை மட்டும் அணைத்துவிடலாம்; உள்ளூர்ப் பதிவு தொடரும். டிசிபி 514 என்றால் அது தூரத்தில் இருந்து கட்டளை இயக்கும் ஆர்எஸ்எச் ஆக இருக்கலாம், சிலர் சிஸ்லொக்கையும் டிசிபியில் இதே இலக்கத்தில் வைப்பார்கள், நிரலின் பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆர்எஸ்எச் ஆக இருந்தால் அன்றைக்கே அகற்றுங்கள். 512, 513 ஆகியவற்றில் இருக்கும் அதன் உடன்பிறப்புகள் தலைகாட்டினால் அவற்றையும் சேர்த்து அகற்றுங்கள். 512 கடவுச்சொல்லை மறைக்காமலே வாங்கும்; மற்ற இரண்டும் கடவுச்சொல் இல்லாமலே, "இன்ன கணினியில் இருந்து வருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கதவைத் திறக்கும் சேவைகள். 1988 நவம்பர் 2 ஆம் திகதி ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் விட்ட புழு இணையத்தில் பரவியபோது, அது ஏறிச் சென்ற வழிகளில் ஒன்று இந்த நம்பிக்கைதான். செண்ட்மெயிலின் பிழைதிருத்தக் கதவும், ஃபிங்கர் சேவையில் அளவு பார்க்காமல் வாசித்த 512 பைட் இடமும் மற்ற வழிகள். பயனர்களின் வீட்டுக் கோப்புறைகளில் புள்ளியில் தொடங்கும் ஆர்ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு கிடக்கிறதா என்றும் தேடி, கிடந்தால் அழியுங்கள்.

21 இல் எஃப்டிபி. மூடச் சொல்வது எளிது, ஆனால் இங்கேதான் "வேலை நின்றுவிடுமா" என்ற உங்கள் இரண்டாவது கேள்வி உண்மையாகவே எழுகிறது. கல்வி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள பெரிய போட்டோப் பிரதி இயந்திரங்கள் பல, ஸ்கேன் செய்த தாளை எஃப்டிபி வழியாக ஒரு கோப்புறைக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். முன்னையவர் அதற்காகத்தான் வைத்திருந்தாரா என்பதை எஃப்டிபி நிரலின் பதிவுக் கோப்பில் கடந்த சில வாரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரே ஒரு உள்முகவரியில் இருந்து மட்டும் இணைப்பு வந்திருந்தால் அது அந்த இயந்திரமாகவே இருக்கும். அந்த இயந்திரத்துக்கு, எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி தெரியுமானால் அதற்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் எஃப்டிபியை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விட்டு, எழுத மட்டும் முடிந்த, வேறெதற்கும் உரிமை இல்லாத ஒரு கணக்கை அதற்குக் கொடுங்கள். ஆட்கள் கோப்பு ஏற்றி இறக்க எஃப்டிபியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்கு மன்னிப்பு இல்லை. எஸ்எஸ்எச் ஓடும் இயந்திரத்தில் எஸ்எஃப்டிபி ஏற்கெனவே இருக்கிறது.

2049 என்பது என்எஃப்எஸ், கோப்புறைகளை வலையமைப்பில் பகிர்வது. இதன் ஆபத்து பலருக்குப் புரிவதில்லை. வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ், கேட்பவர் யார் என்பதைக் கேட்பவரின் கணினி சொல்லும் பயனர் இலக்கத்தை வைத்தே முடிவு செய்கிறது. புள்ளிகள் இருக்கும் கோப்பு 1001 ஆம் இலக்கப் பயனருக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் தானே ரூட். அதில் 1001 ஆம் இலக்கத்தோடு ஒரு பயனரை உருவாக்கி, உங்கள் வைஃபையில் இணைந்து, அந்தக் கோப்புறையைத் தன் கணினியில் பொருத்தினால், சேவையகத்தின் பார்வையில் அவர்தான் கோப்பின் சொந்தக்காரர். ரூட் ஸ்குவாஷ் என்ற காப்பு ரூட்டாக வருபவரை மட்டுமே தடுக்கும்; 1001 ஆக வருபவரைத் தடுக்காது. இடிசியில் எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து, எந்தக் கோப்புறை யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் உடுக்குறி மட்டும் இருந்தால் முழு வலையமைப்புக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பயன்பாடு இல்லையென்றால் என்எஃப்எஸ் சேவையக நிரலையும் 111 இல் உள்ள ஆர்பிசிபைண்டையும் ஒன்றாக அகற்றுங்கள். பயன்பாடு இருந்தால் நான்காம் பதிப்பை மட்டும் வைத்திருங்கள். அதற்கு 2049 ஒன்றே போதும், 111 தேவைப்படாது.

631 அச்சுச் சேவை. சேவையகத்தோடு அச்சு இயந்திரம் எதுவும் இணைக்கப்படவில்லை என்றால் அதை வைத்திருக்கக் காரணமே இல்லை. 2024 செப்டெம்பரில் கப்ஸ் பிரவுஸ்ட் என்னும் அதன் துணை நிரல் யூடிபி 631 இல் எல்லா முகவரிகளிலும் காத்திருந்து, யார் அனுப்பிய அச்சு இயந்திர விளம்பரத்தையும் நம்பி ஏற்றுக்கொள்ளும் என்பது வெளிப்பட்டது. வேறு சில பிழைகளோடு சேர்த்தால், யாராவது ஓர் அச்சு வேலையைக் கொடுக்கும் கணத்தில் தாக்குபவரின் கட்டளை இயங்கும். யாரும் நினைத்தும் பாராத, தானாக நிறுவப்பட்டிருந்த ஒரு சேவை அது.

இப்போது 3306 க்கும் 6379 க்கும் வருவோம். இவை மரியாடிபி, ரெடிஸ் என்ற இரு தரவுத்தளங்கள். எஸ்எஸ் பட்டியலில் இவற்றுக்கு எதிரே டொக்கர் புரொக்ஸி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னையவர் பள்ளி மென்பொருளை, நிரல்களைக் கொள்கலன் என்ற தனிப் பெட்டிகளுக்குள் இயக்கும் டொக்கரில் வைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். இருந்தால், தீச்சுவர் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே மிகத் தெளிவான விடை. டொக்கர் ஒரு துறையை வெளியே கொடுக்கும்போது ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் தீச்சுவர் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வரும் பொட்டலம், தீச்சுவரை எளிதாக அமைக்க உதவும் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் பாதைக்கு வராமல், வேறு பாதையால் நேரே கொள்கலனுக்குப் போய்விடுகிறது. நீங்கள் யூஎஃப்டபிள்யூவில் 3306 ஐ மறுத்திருப்பீர்கள், நிலைமையைக் கேட்டால் மறுக்கப்பட்டிருப்பதாகவே அது சொல்லும், ஆனாலும் வெளியில் இருந்து இணைப்பு வரும். படலைக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டு, பின்வேலியில் கடப்பு விட்டிருப்பது போன்றது. இதைச் சரி செய்ய வேண்டிய இடம், கொள்கலன்களை எப்படி இயக்குவது என்று எழுதியிருக்கும் டொக்கர் கொம்போஸ் கோப்பு. அங்கே 3306:3306 என்று இருப்பதை 127.0.0.1:3306:3306 என்று மாற்றிக் கொள்கலனை மறுபடி எழுப்புங்கள். தரவுத்தளத்தை நாடுவது அதே கொம்போஸ் கோப்பில் உள்ள மற்றக் கொள்கலன்கள் மட்டுமே என்றால் அந்த வரியையே நீக்கிவிடலாம், அவை தமக்குள் வேறு உள்வலையமைப்பில் பேசிக்கொள்ளும்.

ரெடிஸ் விடயத்தில் இது இன்னும் அவசரம். ரெடிஸ் நம்பகமான வலையமைப்புக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது, நீங்கள் அமைக்காதவரை அதற்குக் கடவுச்சொல் இல்லை. 2016 இல் வந்த 3.2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாதபோது வெளியாரை மறுக்கும் ஒரு காப்பு நிலையைக் கொண்டுவந்தது; ஆனால் டொக்கரின் அதிகாரபூர்வ ரெடிஸ் படிமத்தில், மற்றக் கொள்கலன்கள் எளிதாக இணையட்டும் என்பதற்காக, அந்தக் காப்பு நிலை அணைக்கப்பட்டே வருகிறது. கடவுச்சொல் இல்லாத ரெடிஸை அடைபவர் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழிக்கலாம். கொள்கலன் இல்லாமல் நேரடியாக, அதுவும் ரூட் உரிமையோடு ஓடினால் நிலைமை வேறு: சேமிக்கும் கோப்பின் இடத்தையும் பெயரையும் மாற்றச் சொல்லி, தன்னுடைய எஸ்எஸ்எச் திறவியை ரூட்டின் அனுமதிக் கோப்பாகவே எழுத வைத்துவிடலாம். அதன் பிறகு அவர் 22 வழியாக மரியாதையாக உள்ளே வருவார்.

80 இல் இருப்பது உங்கள் வலைத்தளம்; அது இருக்கட்டும். அதில் பிஎச்பிமைஅட்மின் போன்ற நிர்வாகப் பக்கம் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கடவுச்சொல் வாங்கும் பக்கம் இருந்தால் 443 இல் மறைகுறியாக்கமும் வேண்டும்.

எஞ்சுவது 22, உங்களுக்கே தேவைப்படும் கதவு. அதைக் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பிழைத்தால் வெளியே நிற்கப் போவது நீங்கள். முதலில் உங்கள் கணினியில் இடி25519 வகைத் திறவிச் சோடி ஒன்றை உருவாக்கி, தனித்திறவிக்கு ஒரு கடவுத்தொடரும் கொடுத்து, பொதுத்திறவியைச் சேவையகத்தில் இடுங்கள். திறவியால் உள்நுழைய முடிகிறது என்பதை உறுதிப்படுத்திய பிறகே எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் ஒதென்டிகேஷன் என்பதற்கு நோ என்று எழுதுங்கள். கேபிடி இன்டர்அக்டிவ் ஒதென்டிகேஷன் என்பதற்கும் அவ்வாறே எழுதாவிட்டால், சில அமைப்புகளில் கடவுச்சொல் அந்தப் பக்கத்தால் மறுபடி நுழைந்துவிடும். ரூட் நேரடியாக நுழைவதையும் தடுத்து, அனுமதிக்கப்பட்ட பயனர்களைப் பெயர் குறித்து எழுதுங்கள்.

எழுதியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்தக் கோப்பில் ஒரு விடயம் இரு இடங்களில் சொல்லப்பட்டால் முதலில் வருவதே செல்லும், பின்னால் வருவது செல்லாது. நாம் வழக்கமாக எதிர்பார்ப்பதற்கு இது நேரெதிர். டெபியன், உபுண்டு இரண்டின் புதிய பதிப்புகளிலும், எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக் டொட் டி என்ற துணைக் கோப்புறையில் உள்ளவற்றை உள்ளே இழுக்கும் வரி, பிரதான கோப்பின் தலையிலேயே இருக்கிறது. அந்தத் துணைக் கோப்புறையில் யாரோ ஒருவர், அல்லது வாடகைச் சேவையகங்களில் கிளவுட் இனிட் என்ற நிரல், பாஸ்வேர்ட் ஒதென்டிகேஷன் யெஸ் என்று ஒரு சிறு கோப்பை வைத்திருந்தால், நீங்கள் கீழே எழுதிய நோ வெறும் எழுத்தாகவே கிடக்கும். ஆகவே எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி தெரிவோடு இயக்குங்கள். கோப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்து முடிவில் எது செல்லுபடியாகிறது என்பதை அது அச்சிட்டுக் காட்டும். சிறிய டி தெரிவு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். இரண்டையும் செய்த பிறகே சேவையை மறுபடி தொடங்குங்கள், அப்போதும் இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள்.

22 க்குப் பதிலாக 2222 என்று இலக்கத்தை மாற்றச் சொல்லும் ஆலோசனையை நிறையப் பேர் தருவார்கள். பதிவுக் கோப்பில் சத்தம் குறையும், அதற்கு மேல் அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பல முறை தவறாக உள்நுழைய முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் பற்றியும் என் எண்ணம் ஏறத்தாழ அதுதான்: வைத்திருங்கள், ஆனால் கடவுச்சொல்லை முற்றாக அணைத்த சேவையகத்தில் அது ஓர் ஒழுங்குக்கு மட்டுமே. அதைவிடப் பயனுள்ளது 22 ஐ யார் அடையலாம் என்பதைக் குறுக்குவது. எஸ்எஸ்எச்சிலேயே பிழை வரும். 2006 இல் திருத்தப்பட்ட ஒரு பிழை பிறகொரு மாற்றத்தின்போது மறுபடி நுழைந்து, 2024 யூலையில் வெளிவந்தபோது, உள்நுழையாமலே ரூட் உரிமை பெறக்கூடியதாக இருந்தது. வெளியில் இருந்து பராமரிக்க வேண்டும் என்றால் வயர்கார்ட் போன்ற ஒரு மறைவழியை அமைத்து, அதற்குள் மட்டும் 22 ஐ விடுங்கள். பழைய கையேடுகளில் ஹோஸ்ட்ஸ் டினை கோப்பில் எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லியிருப்பார்கள். 1990 இல் வீட்சே வெனமா எழுதிய டிசிபி ராப்பர் அது. நல்ல கருவி, ஆனால் ஓபன்எஸ்எஸ்எச் 2014 இல் 6.7 பதிப்போடு அதற்கான ஆதரவைக் கைவிட்டது. டெபியன் தானாக ஒட்டுப்போட்டு அதைத் தொடர்ந்து வைத்திருக்கிறது என்றாலும், அதை நம்பிப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

இப்போது தீச்சுவர். உள்வரும் அனைத்தையும் மறுப்பது இயல்புநிலை. பிறகு 80, 443 அனைவருக்கும், 22 நீங்கள் இருக்கும் முகவரிக்கு, எஃப்டிபி தேவைப்பட்டால் அந்தப் பிரதி இயந்திரத்துக்கு. ஐபி ஆறாம் பதிப்புக்கும் அதே விதிகள் செல்கின்றனவா என்று பாருங்கள். அனுமதிகளை எழுதி முடித்த பிறகே தீச்சுவரை இயக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். அக்கரைப்பற்றில் ஓர் உறவினர் வீட்டில் இருந்து மட்டக்களப்பில் உள்ள ஒரு சேவையகத்துக்கு இரவில் நுழைந்து, 22 ஐ அனுமதிக்க மறந்து யூஎஃப்டபிள்யூவை இயக்கிவிட்டேன். திரை அப்படியே உறைந்தது. அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கல்முனை, களுவாஞ்சிக்குடி எல்லாம் கடந்து போய், விசைப்பலகையைச் செருகி, ஒரே ஒரு வரி தட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றில் இருந்து தூரத்தில் இருந்து தீச்சுவரைத் தொடும்போதெல்லாம், பத்து நிமிடத்தில் அதைத் தானாக நிறுத்தும் கட்டளை ஒன்றை முன்கூட்டியே, குறித்த நேரத்தில் கட்டளையை இயக்கும் அட் மூலம் வரிசையில் இட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை நீக்கிவிடலாம்.

முடிவில் வெளியில் இருந்து பார்க்க வேண்டும், இரண்டு இடங்களில் இருந்து. ஒன்று, மாணவர்கள் பயன்படுத்தும் அதே வைஃபையில் இருந்து, ஏனெனில் உங்கள் விடயத்தில் ஆபத்து வெளிநாட்டில் இருந்து வருவதைவிடப் பக்கத்து வகுப்பறையில் இருந்து வர இடம் அதிகம். மற்றது, கைத்தொலைபேசியின் தரவு இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்து, நிலையத்தின் பொது முகவரியை நோக்கி. இரண்டாவதில் எதிர்பாராத துறை ஏதேனும் தெரிந்தால் ரவுட்டரில் யூபிஎன்பி இயங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள கருவி கேட்டால் யாரையும் கேட்காமல் துறையைத் திறந்துவிடும் வசதி அது, அதை அணைத்துவிடலாம். டிசிபியோடு யூடிபியையும் சோதியுங்கள், அது மெதுவாகவே முடியும், பொறுத்திருக்க வேண்டும். உங்களுடைய முகவரியை மட்டும் சோதியுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவதைக் குற்றமாக்குகிறது, பக்கத்து நிலையத்தின் முகவரியைத் தட்டிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு வர வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மூட வேண்டாம். டெல்நெட், ஆர்எஸ்எச், ரெடிஸ் மூன்றும் இன்றைக்கே. மற்றவை ஒரு நாளைக்கு ஒன்றாக, வகுப்பு இல்லாத நேரத்தில். ஒவ்வொன்றை மூடியதும் திகதியையும், எதை எப்படி மூடினீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்களுக்கு முன்னிருந்தவர் செய்யாமல் போன வேலை அது. டெபியன் எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. 10 ஆக இருந்தால் அதன் நீண்டகால ஆதரவும் 2024 யூனோடு முடிந்துவிட்டது, துறைகளை மூடிய பிறகு அடுத்த வேலை அதை உயர்த்துவதுதான். எல்லாம் முடிந்த பின், இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, அதை ஒரு முறை நிறுத்தி எழுப்புங்கள். எழும்பியதும் எஸ்எஸ் பட்டியலை மறுபடி எடுத்து, கொப்பியோடு ஒப்பிடுங்கள். கொப்பியில் மூடியதாக எழுதிய ஏதாவது அங்கே திரும்பி வந்திருந்தால், அதற்கு ஒரு சொக்கெட் எங்கோ மிச்சமிருக்கிறது. அந்த வரியை எனக்கு அனுப்புங்கள்.